விடியற்காலையில் வரும் நோயாளிகள்: ஒரு ஹவுஸ் சர்ஜனின் கேள்விக்குப் பதில்

ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடியப்போகிறது, அடுத்து ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். "புத்தகத்தில் படித்த அபூர்வமான கேஸ் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் கண்டுபிடிப்பேனா? தினமும் நூறு பேருக்கு மேல் ஓ.பி. பார்க்கிற இடத்தில், அன்றாட வேலையே மூச்சு முட்டும்போது, அதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது உங்கள் கேள்வி.

அரசு மருத்துவமனைகளில் 28 வருடம் பொது மருத்துவம் பார்த்தவன் நான். அபூர்வமான நோய் ஒரு பக்கம், அன்றாடத் தொல்லை இன்னொரு பக்கம் என்று நீங்கள் பிரித்துவைத்திருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இரண்டும் ஒரே கட்டிலில்தான் படுத்திருக்கும். நான் தவறவிட்ட கேஸ்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். படிப்பு போதாமல் விட்டவை கொஞ்சம்தான். உடையை விலக்கிப் பார்க்காமல் விட்டவை, கூட வந்தவர் பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டு அனுப்பியவை, மாத்திரைப் பையைத் திறக்காமல் விட்டவை, அவைதான் அதிகம்.

பொதுவாகச் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. அதனால் ஒரே ஒரு புகாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "ராத்திரி நல்லாத்தான் படுத்தாங்க, காலையில எழுந்தா இப்படி இருக்காங்க." இரவு டியூட்டி முடிகிற நேரத்தில், கண் எரிகிற நேரத்தில், இந்தப் புகார் வரும்.

1998-ல் நடந்தது. விடியற்காலை நாலரை மணி. 17 வயதுப் பெண்ணை அப்பாவும் அம்மாவும் பாட்டியும் கூட்டி வந்தார்கள். வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், மிருதுவாக இருந்தது. காய்ச்சல் இல்லை. "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன். பழைய சோறு என்றார் அப்பா. ஒரு ஊசி போட்டு, இரைப்பை அழற்சி என்று சீட்டில் எழுதி, வராந்தா பெஞ்சில் படுக்கவைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்து, "ஐயா, புள்ளைக்குக் கண்ணு சொருகுது" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள், தூங்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது அதுதான், மாற்றிச் சொல்ல முடியாது.

அவளைக் காப்பாற்றியது அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர். அவர் போய்ப் பேச்சுக்கொடுத்தார். பெண் விழித்துத்தான் இருந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னால் நெற்றி சுருங்கியது, இமை மேலே ஏறவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, விழுங்க முடியவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியவில்லை. சிஸ்டர் என்னிடம் வந்து, "சார், இது தூக்கம் இல்லை" என்றார்.

அப்போதுதான் வெளியே நின்ற பாட்டியிடம் போய், "ராத்திரி இவ எங்கே படுத்திருந்தா?" என்று கேட்டேன். அறுவடைக் கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில், தரையில் பாய் விரித்து. "நடுராத்திரியில ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்குன்னு சொன்னா சாமி." நம் கிராமங்களில் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்ற சொல்லை வாயில் எடுக்காதவர்கள் நிறையப் பேர். பூச்சி என்றுதான் சொல்வார்கள். நகரத்தில் வளர்ந்த டாக்டர் அதைக் கொசு என்றோ எறும்பு என்றோ எடுத்துக்கொள்வார். பாட்டி யாரிடமும் மறைக்கவில்லை. கேட்காமல் இருந்தது நான்தான்.

கட்டுவிரியன். இரவில் நடமாடும், எலியைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கை, கால் அதன் மேல் பட்டால் கடிக்கும். பற்கள் மிகச் சிறியவை. வீக்கம் வராது, பெரிய வலியும் தெரியாது, பல பேருக்குக் கடித்த தடமே கிடைக்காது. கண்ணாடி விரியன் கடித்தவர் வீங்கிய காலோடு வருவார், யாரும் கண்டுபிடிக்கலாம். கட்டுவிரியன் கடித்தவரோ வயிற்றுவலி என்றும், வாந்தி என்றும், தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்றும் வருவார். அப்புறம் இமை தொங்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு விடும் தசைகள் ஓயும். மேலிருந்து கீழே இறங்குகிற இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு வழுக்கு இடம் இருக்கிறது. பாம்புக்கடி என்றதும் இருபது நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை செய்வோம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாய் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் தவறான முடிவு காட்டும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் ஓடும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத்தான் தாக்கும் என்பதால் ரத்தம் அழகாக உறைந்துவிடும். "டெஸ்ட் நார்மல், விஷம் ஏறலை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு மாலையில் மூச்சு நின்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறியாநங்கை இலையைக் கொடுத்து, கசக்கிறதா என்று கேட்டு விஷம் பார்க்கிற பழக்கம் ஊரில் உண்டு. கசந்தால் விஷம் இல்லை என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஒரு நார்மல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நாம் அனுப்பிவிட்டால் அதே தவற்றைத்தான் செய்கிறோம்.

சரி, அந்தப் பெண்ணுக்குத் திரும்புகிறேன். பாம்பு விஷ முறிவு மருந்தான ஏ.எஸ்.வி. 10 குப்பி ஏற்றினோம். அட்ரினலின் கையோடு வைத்திருந்தோம், அது எப்போதும் வேண்டும். ஏ.எஸ்.வி. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை எந்த நிமிடமும் வரலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு எடை பார்த்து விஷம் இறக்குவதில்லை. (இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம் அது. ஒவ்வொரு குப்பியை உடைக்கும்போதும் எனக்கு அவர்கள் நினைவு வரும்.)

மருந்து ஏறியும் பெண் மோசமாகிக்கொண்டே போனாள். இதில் மனம் தளரக்கூடாது. கட்டுவிரியனின் விஷம் நரம்பின் நுனியையே சிதைக்கிறது. ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தை ஏ.எஸ்.வி. பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. நுனி மறுபடி வளர நாட்கள் ஆகும். நல்ல பாம்பின் விஷம் தசைப் பக்கத்தில் உட்காருவதால் நியோஸ்டிக்மின் என்ற மருந்து அங்கே நன்றாக வேலை செய்யும், இங்கே பெரும்பாலும் ஏமாற்றும். ஆக, அந்த நாட்களில் நோயாளிக்குப் பதிலாக நாம் மூச்சு விட்டால் அவர் பிழைப்பார்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டாயிற்று. அப்போது எங்களிடம் இருந்த ஒரே வெண்டிலேட்டர் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் ஆம்பு பையைக் கையால் அழுத்த ஆரம்பித்தோம். ஆறு எண்ணி ஒரு அழுத்து. நான், சிஸ்டர், இரண்டு நர்சிங் மாணவிகள், அப்புறம் அவளுடைய அப்பா. வேறு ஆள் இல்லாததால் அவருக்கும் சொல்லிக்கொடுத்தோம். மதியத்துக்குள் பெண்ணின் உடலில் ஒரு அசைவும் இல்லை. கண்மணிகள் விரிந்து, வெளிச்சம் அடித்தால் சுருங்கவில்லை. சுத்தியலால் தட்டினால் ஒரு எதிர்வினையும் இல்லை. மூளைச்சாவு என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாத நிலை.

மாலையில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துண்டின் முனையில் முடிந்துவைத்த பணத்தைக் காட்டி, "இதுல வேன் பிடிச்சு ஊருக்குக் கொண்டு போயிடறேன் சார். உயிர் ஊர்லயே போகட்டும்" என்றார். இந்தப் பேச்சு உங்களுக்கும் பலமுறை வரும். பின்னால் இருப்பது அன்பும் கடனும் சேர்ந்த கணக்கு. மருத்துவமனையில் இறந்தால் உடலைக் கொண்டுபோகும் செலவு, போஸ்ட்மார்ட்டம், தெரியாத ஊரில் இரவு. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் குழாயை எடுத்தால் பத்து நிமிடத்தில் பெண் இறந்துபோவாள், அதுவும் முழு நினைவோடு.

அவரைக் கட்டில் பக்கம் கூட்டிப்போனேன். பெண்ணின் காதருகே குனிந்து பெயர் சொல்லி, "நான் பேசறது கேட்குதுன்னா காலை அசைக்கப் பாரும்மா, கொஞ்சம் அசைஞ்சா போதும்" என்றேன். எனக்கே நிச்சயம் இல்லை. இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை வலது பெருவிரல், காற்றில் இலை அசைகிற அளவுக்கு, அசைந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி அசைந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மாணவியின் கையிலிருந்து பையை வாங்கி அழுத்த ஆரம்பித்தார். மறுநாள் வெண்டிலேட்டர் கிடைக்கும்வரை பெரும்பாலான நேரம் அழுத்தியது அவர்தான்.

ஐந்தாம் நாள் இமை லேசாகத் திறந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். பேச ஆரம்பித்ததும் அவள் சொன்னதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். எல்லாம் கேட்டது என்றாள். அம்மா அழுதது, அப்பா ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று வெளியே யாரிடமோ சொன்னது. கட்டில் பக்கம் நின்று யாரோ, "இது தேறாது, சாயங்காலம் பெட் காலியாயிடும்" என்று சொன்னதும். யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து அசைவில்லாத நோயாளி யாராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது ஊசி போடப்போகிறேன், இப்போது திருப்பிப் படுக்கவைக்கப்போகிறேன் என்று சொல்லித்தான் செய்வேன். முழு நினைவோடு இருப்பவருக்கு வலி தெரியும், பயம் தெரியும், அதற்கு மருந்து கொடுக்க மறக்கக்கூடாது. இமை மூடாத கண் காய்ந்து புண்ணாகும், ஈரத் துணி வைத்து மூடவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். தொண்டையில் சேரும் எச்சிலை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்த அபூர்வமான கேஸைப் பிழைக்கவைப்பவை இந்த வேலைகள்தான். பெரும்பாலும் சிஸ்டர்கள் செய்கிற வேலைகள், கேஸ் ஷீட்டில் யாரும் பெருமையாக எழுதாத வேலைகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடி அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது, வருடத்துக்குச் சராசரி 58,000. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தார்கள், ஆகவே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்யவேண்டும். தரையில் படுக்கிற குடும்பங்களிடம் கொசுவலை பற்றிப் பேசுங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு தூங்கினால் பாம்புக்கடியும் குறைகிறது என்பதை நேபாளத்தில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. கட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் வலை கிடைக்கும்.

அதே விடியற்காலையில், அதே வாசலில், வேறு ஒருவர் வருவார். 26 வயது இளைஞர், நாலு நண்பர்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முந்தின நாள் முழுக்கக் கல்யாண வேலை, இரவு வயிறு நிறையப் பரோட்டா. காலையில் எழுந்தால் இரண்டு காலும் வரவில்லை. வழியில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அது ஏற ஏறக் கையும் தூக்க முடியாமல் போனது. கூட வந்தவர்களில் ஒருவர் பாம்பு என்றார், ஒருவர் செய்வினை என்றார்.

ஆனால் அவர் தெளிவாகப் பேசினார். இமை நன்றாக ஏறியது, விழுங்க முடிந்தது, தொட்டால் உணர்ச்சி இருந்தது. முகத்தை விட்டுவிட்டு, கால் கையை மட்டும் பிடித்த பலவீனம். இ.சி.ஜி. எடுத்தால் டி அலை தட்டையாகி, அதற்குப் பின்னால் யு அலை எழுந்திருந்தது. பொட்டாசியம் 2.1. இருக்கவேண்டியது 3.5-க்கு மேல். வாய்வழியாகப் பொட்டாசியம் சிரப் கொடுத்து, இ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாலையில் அவரே எழுந்து கழிப்பறைக்கு நடந்துபோனார்.

உடம்பில் பொட்டாசியம் காணாமல் போயிருக்கவில்லை. ரத்தத்திலிருந்து தசைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மாவுப் பொருள் நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் எழும்பும், இன்சுலின் பொட்டாசியத்தைத் தசைக்குள் தள்ளும். குளுக்கோஸ் பாட்டிலும் அதையேதான் செய்தது. அவசரப்பட்டு ஊசி வழியாக நிறையப் பொட்டாசியம் ஏற்றினாலும் ஆபத்து, ஒளிந்திருந்தது வெளியே வரும்போது அளவு மிஞ்சி இதயம் நின்றுபோகலாம். "எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு இளைச்சிக்கிட்டே போகுது சார்" என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் நடுங்கின. தைராய்டு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. ஆசிய ஆண்களிடம் இந்தச் சேர்க்கை அதிகம் வரும். தைராய்டைச் சரிசெய்த பிறகு அவருக்கு மறுபடி கால் இழுக்கவே இல்லை. இதே மாதிரி திரும்பத் திரும்ப ஒரு பெண்ணுக்கு வந்தால், வாய் வறட்சி, கண் வறட்சி இருக்கிறதா என்று கேளுங்கள், ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகம் பொட்டாசியத்தை ஒழுகவிடுகிற வேறொரு நோயாக இருக்கலாம்.

குளுக்கோஸ் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உங்கள் ஓ.பி.யில் தினமும் வரும் பெரிய சண்டை இதுதான்: "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர், அசதியா இருக்கு." மறுத்தால், இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். நான் கணக்குச் சொல்லுவேன். 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஒரு வாழைப்பழத்தின் சக்தி. "பழத்தைச் சாப்பிட்டா ஊசி குத்தவேண்டாம், மூணு மணி நேரம் படுக்கவேண்டாம்" என்று சொன்னால் பாதிப் பேர் ஏற்றுக்கொள்வார்கள். மீதிப் பேர் வேறிடம் போவார்கள், போகட்டும்.

அதே குளுக்கோஸ் உயிர் கொடுக்கும் விடியற்காலையும் உண்டு. 68 வயது அம்மாவை மகன் தூக்கி வந்தார். வலது கை, கால் வரவில்லை, வாய் குழறியது. பக்கவாதம், நாலரை மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்கவேண்டும் என்று மகன் படித்து வைத்திருந்தார், சி.டி. எடுக்கும் ஊருக்கு உடனே அனுப்பச் சொல்லி அவசரப்பட்டார். அவசரம் நியாயமானது. விரல் நுனியில் ஒரு குத்துக் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சர்க்கரை 34, மிகக் குறைவு. 25 சதவீதக் குளுக்கோஸ் 100 மில்லி ஏற்றியதும், கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வலது கையாலேயே சேலையைச் சரிசெய்துகொண்டு, இது எந்த இடம் என்று கேட்டார்.

அன்றைக்கு முந்தின நாள் கிருத்திகை, ஒரு பொழுது இருந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் விடவில்லை. மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொன்னேன். மூன்று பெயரில் மூன்று அட்டைகள், அவற்றில் இரண்டு ஒரே மருந்து, சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு. ஒன்று அரசு மருத்துவமனையில் வாங்கியது, மற்றது கடையில் வாங்கியது. சிறுநீரகமும் பழுதாகியிருந்தது. இந்த மருந்தின் வேகம் ஒரு நாள் முழுக்க நிற்கும், சிறுநீரகம் கெட்டவருக்கு அதற்கு மேலும் நிற்கும். பேசிவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இரவில் தூக்கத்திலேயே போயிருப்பார். உள்ளே வைத்திருந்தோம், நடுராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி சர்க்கரை இறங்கியது.

மாத்திரைப் பை என்பது தனி உலகம். கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் அட்டையின் மறுபாதியோடு போய்விடும். "சிவப்பு மாத்திரை ஒண்ணு, வெள்ளை ஒண்ணு" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நான் உறையின் மேல் உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று வரைந்து கொடுப்பேன். இன்சுலின் போடுகிறவரிடம் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் மருந்தும் இரண்டும் இருக்கின்றன. சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் இந்தக் குழப்பங்களைக் கண்ணால் பார்க்கிறார்கள். அவர்களோடு பழகிவையுங்கள். ஒரு வீட்டில் எத்தனை டாக்டர்களின் மாத்திரை இருக்கிறது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு கேஸ், சுருக்கமாக. எட்டு நாள் காய்ச்சலோடு ஒரு பெண், தட்டணுக்கள் குறைவு, டெங்கு இல்லை என்று ரிப்போர்ட், டைபாய்டு என்று ஊசி ஓடிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடம்பு துடைத்துவிட்ட சிஸ்டர்தான் மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தார். வலி இல்லாததால் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், புதர்களில் இருக்கிற சின்னஞ்சிறு உண்ணிப் பூச்சியின் இளம்புழு கடித்து வருவது, நம் ஊரில் மழையும் குளிரும் சேரும் மாதங்களில் அதிகம். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், மார்புக்கு அடி என்று உடை மறைக்கிற இடங்களில்தான் அந்தப் பொருக்கு இருக்கும். 40 பேர் படுத்திருக்கிற வார்டில், திரை இல்லாத இடத்தில், ஒரு பெண்ணின் உடையை எப்படி விலக்குவது? நான் இரண்டு பேரைப் போர்வை பிடிக்கச் சொல்லி, சிஸ்டரைப் பார்க்கச் சொல்லுவேன். ஆண்களையும் அப்படித்தான், கூச்சம் அவர்களுக்கும் உண்டு. டாக்சிசைக்ளினை மாத்திரையாகக் கொடுக்கும்போது நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகி மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள். நூறு பேரையும் இப்படிப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். வேளை கெட்ட வேளையில் வந்தவரிடம் உட்காருங்கள். அதே புகாரோடு இரண்டாவது தடவை வந்தவரிடம் உட்காருங்கள், முதல் தடவை எழுதியதை மறந்துவிட்டுப் புதிதாகக் கேளுங்கள். "இவ இப்படி இருக்கிற ஆள் இல்லை" என்று அம்மாவோ மனைவியோ சொன்னால் கேளுங்கள், ஒரு அம்மாவின் பேச்சை நான் ஒரு விடியற்காலையில் தட்டிக்கழித்தேன். கேட்கும்போது வீட்டுப் பெரியவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். பின்னால் நிற்கிறவரிடம், எங்கே படுத்தார், ராத்திரி என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்யும்போது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், நீங்கள் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். போனில் கூப்பிட்டும் சொல்லுங்கள். இமை தொங்குகிற நோயாளியை 108-ல் தனியாக ஏற்றி அனுப்பாதீர்கள், ஆம்பு பை பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகவேண்டும்.

அப்புறம், நீங்கள் பொறுப்பேற்கிற முதல் நாள், ஓ.பி. தொடங்கும் முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அவசர அலமாரியைத் திறந்து ஏ.எஸ்.வி. எத்தனை குப்பி, எந்தத் தேதிவரை என்று எண்ணுங்கள். குளுக்கோமீட்டர் ஸ்டிரிப் இருக்கிறதா, கண்ணாடிக் குழாய் நாலு இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பு பையை எடுத்து உள்ளங்கையால் வாயை அடைத்துக்கொண்டு அழுத்துங்கள், காற்று எங்கேயாவது கசிகிறதா என்று தெரியும். பெரியவர் மாஸ்க்கும் குழந்தை மாஸ்க்கும் இரண்டும் வேண்டும். தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பைத் திறந்தால் விளக்கு எரியவேண்டும். பெரும்பாலும் எரியாது, இரண்டு பேட்டரி கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.